பழைய கார் ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர்? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ரேடியேட்டரில் தவறான தண்ணீர் ஊற்றினால் அது சும்மா இருக்காது, எங்காவது ஓர் அடையாளத்தை விட்டுவைக்கும். மூடியின் அடிப்புறத்தில் வெள்ளைப் பொருக்கு, ஹோஸ் வாயில் செந்துருச் சேறு, செம்புக் குழாய் முனையில் பச்சைக் களிம்பு, அலுமினிய ஹெட்டின் (எஞ்சின் பிளாக்கின் மேல் உட்காரும் பகுதி) நீர்வாயில் குழிகள். அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்கும், அங்கிருந்து சரியான தண்ணீருக்கும் போவதுதான் இந்த வழிமுறை.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். முதலாவது, தனித் தண்ணீர் எதுவுமே நல்ல கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆகாது. எவ்வளவு சுத்தமாக வடித்த நீரானாலும் அரிப்புத் தடுப்பான் சேராவிட்டால் வார்ப்பிரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும். இரண்டாவது, முதலில் நிரப்பும் தண்ணீரைவிட, நடுநடுவே 'கொஞ்சம் குறைந்திருக்கிறதே' என்று ஊற்றும் தண்ணீர்தான் அதிகம் கெடுக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அமைப்பின் கொள்ளளவு 7 லிட்டர், குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றால், முதல் நிரப்பில் உள்ளே போகும் சுண்ணாம்பு வெறும் 2.8 கிராம். அதே தண்ணீரை வாரம் கால் லிட்டர் வீதம் ஊற்றினால் வருடத்துக்கு 13 லிட்டர் ஆகும், 5.2 கிராம் சுண்ணாம்பு உள்ளே போகும். ஆவியாக வெளியேறுவது நீர் மட்டுமே. சுண்ணாம்பு உள்ளேயே தங்கிவிடும். மூன்று நான்கு வருடம் இப்படி ஓட்டினால் எஞ்சினின் மிகச் சூடான மூலைகளில் அது கல்லாகப் படியும்.

முதலில் மாதிரி எடுங்கள்

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். சூட்டில் திறந்தால் அழுத்தம் விடுபட்ட நொடியிலேயே உள்ளிருப்பது கொதித்துச் சீறும். இரண்டு கண்ணாடி ஜாடிகள் போதும். ஒன்றில் ரேடியேட்டரின் மேல்புறத்திலிருந்து எடுங்கள், மற்றதில் எஞ்சின் பிளாக்கின் வடிகால் வழியாக எடுங்கள். பிளாக் வடிகால் பெரும்பாலும் பக்கவாட்டில், அடியை ஒட்டி, சிறு திருகுக் குழாயாகவோ வெறும் போல்ட்டாகவோ இருக்கும். கழற்றியும் ஒரு சொட்டுகூட வரவில்லையென்றால் உள்ளே சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்திவிட்டால் வரும். வந்த முதல் கால் லிட்டரை வீசிவிடாதீர்கள், நமக்கு வேண்டிய சாட்சி அதில்தான் இருக்கிறது.

ஜாடிகளை ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் செம்பழுப்பாக இறங்கினால் துரு. கருப்புத் துகளாக இறங்கி, ஜாடிக்கு வெளியே காந்தம் வைத்தால் ஓடி வந்து ஒட்டினால் அதுவும் இரும்பின் ஆக்சைடுதான், ஆக்சிஜன் குறைவான இடத்தில் உருவானது. வெள்ளைப் பொடியென்றால் அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். குமிழ் விட்டுக் கரைந்தால் சுண்ணாம்புக் காரை. குமிழாமல் பஞ்சுபோல் கிடந்தால் அலுமினியத்தின் அரிப்புப் பொருளாகவோ, ரேடியேட்டர் குழாய்களை ஒட்டியிருக்கும் ஈயப் பற்றிலிருந்து (சால்டர்) வந்ததாகவோ இருக்கலாம். மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் எண்ணெய். மேல் ஜாடி தெளிவாகவும் பிளாக் ஜாடி கலங்கலாகவும் இருப்பது வழக்கமே. ரேடியேட்டரை மட்டும் பார்த்துவிட்டு 'தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது' என்று மூடிவிடக் கூடாது.

அறிகுறி: மூடியிலும் ஹோஸ் இணைப்புகளிலும் வெள்ளைப் பொருக்கு, ஏற்றத்தில் எஞ்சின் தட்டுகிறது

இது கடின நீரின் வேலை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்க்கும் அதே காரைதான். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், கால்சியம் கார்பனேட் அதற்கு நேர்மாறு. சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். அதனால் அது ரேடியேட்டரில் படிவதைவிட எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையைச் சுற்றியும் எரிஅறையின் கூரைக்குப் பின்புறமும் படிவதே அதிகம், அதாவது குளிர்ச்சி எங்கே மிகவும் தேவையோ அங்கேயே.

வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் இந்தக் காரை வெப்பத்தைக் கடத்துவது மிகக் குறைவு. 1 மில்லிமீட்டர் காரை, 20 மில்லிமீட்டருக்கும் கூடுதலான இரும்புச் சுவர் போலத் தடுக்கும். சூட்டுமானியோ தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும், உலோகத்தின் சூட்டை அல்ல. ஆகவே முள் நடுவில் அமைதியாக நிற்கும்போதே ஹெட்டுக்குள் உலோகம் தகித்துக்கொண்டிருக்கலாம். ஏற்றத்தில் தட்டல் சத்தம், சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் சில நொடி ஓடுவது, எக்ஸாஸ்ட் வால்வு சீக்கிரம் கருகுவது ஆகியவை முள் எழுவதற்கு முன்பே வந்துவிடும். டைமிங்கும் கார்புரேட்டரும் சரியாக இருந்தும் தட்டினால் காரையைச் சந்தேகியுங்கள்.

தண்ணீரைச் சோதிக்க எளிய வழி சோப்பு. ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதில் நான்கைந்து சொட்டு உண்மையான திரவ சோப்பு. பாத்திரம் கழுவும் டிடர்ஜென்ட் இதற்கு உதவாது, அது கடின நீரிலும் நுரைக்கும். குலுக்கினால் நுரை நின்றால் மென்னீர். வெள்ளைத் தயிர்போல் திரிந்து மிதந்தால் கடின நீர். கையில் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் நல்லதுதான், ஆனால் அது மின்கடத்தலை அளந்து மொத்த உப்பைக் கணக்கிடுகிறதே தவிர, உள்ளிருப்பது சுண்ணாம்பா குளோரைடா என்று பிரித்துச் சொல்லாது.

சில பேர் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரை ஊற்றுகிறார்கள். பாதி நியாயம் இருக்கிறது. பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை கொதித்தால் அடியில் படிந்துவிடும். சல்ஃபேட், குளோரைடு வகைக் கடினத்தன்மை போகாது. நீர் சுண்டியதால் அந்த உப்புகளின் அடர்த்தி கூடியும் இருக்கும்.

கனரக எஞ்சின்களுக்குக் கூலன்ட் கலக்கும் நீருக்கென்று பரவலாகப் பின்பற்றப்படும் உச்சவரம்பு இது: லிட்டருக்கு குளோரைடு 40 மில்லிகிராம், சல்ஃபேட் 100, மொத்தக் கடினத்தன்மை 170, மொத்தத் திடப்பொருள் 340. பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு, 7 நடுநிலை) 5.5 முதல் 9 வரை. இதைக் குறைந்தபட்சத் தகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எஞ்சினுக்கு இந்த வரம்பின் விளிம்பில் நிற்க வேண்டிய அவசியமில்லை. டிஸ்டில்டு அல்லது டீஅயனைஸ்டு தண்ணீர், மீட்டரில் 10 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) கீழே காட்டினால், அதுவே சரியான தேர்வு. பேட்டரிக்கு ஊற்ற விற்கும் வடிநீர் இந்த வகைதான். பேட்டரி அமிலத்தோடு குழப்பிக்கொள்ளாமல் லேபிளைப் படித்து வாங்குங்கள். இஸ்திரிப் பெட்டிக்கென்று விற்கும் தண்ணீரில் சிலது வாசனை சேர்த்தது, அது வேண்டாம்.

வீட்டு ஆர்ஓ எந்திரத்தின் தண்ணீர்? சவ்வு உப்புகளில் பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆனால் குடிக்கச் சுவை வேண்டுமென்பதற்காகப் பல எந்திரங்கள் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன, அல்லது வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சம் கலக்கின்றன. மீட்டர் 30–50 காட்டினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். 150 காட்டினால் அவசரத்துக்கு மட்டும். கடையில் விற்கும் மினரல் வாட்டர் வேண்டாம், பெயரிலேயே விடை இருக்கிறது.

மழைநீரைப் பழைய கையேடுகள் சில பரிந்துரைத்தன. வடிநீர் கடையில் எளிதாகக் கிடைக்காத காலத்தில் அது புத்திசாலித்தனம். கூரையில் பட்டு வந்த மழைநீரில் தூசி, பாசி, பறவை எச்சம், கூரைத் தகட்டின் துத்தநாகம் எல்லாம் சேர்ந்திருக்கும். நேரடியாகச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, துணியில் வடிகட்டினால் குழாய்த் தண்ணீரைவிட மேல். ஏசியிலிருந்து சொட்டும் நீரும் அப்படித்தான்: சுண்ணாம்பு கிடையாது, ஆனால் சுருளிலுள்ள தூசியும் பாசிப்படலமும் அதோடு வரும். வழியில் வேறு கதியில்லை என்றால் ஊற்றலாம், வழக்கமாக்கக் கூடாது.

'சுத்த நீர் உலோகத்தைத் தின்னும்' என்ற பேச்சு

டீஅயனைஸ்டு தண்ணீர் அயனிப் பசியில் செம்பையும் ஈயத்தையும் கரைத்துவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. இதன் வேர் உண்மையில்தான் இருக்கிறது. உப்பே இல்லாத நீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு பிஎச் 5.6 அளவுக்கு இறங்கும். அதைத் தடுத்து நிறுத்தும் தாங்கற்பொருள் அதில் இல்லை. தனியாக ஊற்றி ஓட்டினால் அரிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கூலன்ட் கலந்த நொடியிலேயே அது 'பசித்த நீர்' அல்ல. தடுப்பான்களின் உப்புகளும் தாங்கற்பொருளும் சேர்ந்து பிஎச்சை 8-க்கு மேல் கொண்டுபோய் நிறுத்திவிடும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு பாதுகாப்பு தருகிறது என்று சொல்பவர்கள், அதே சுண்ணாம்பு கூலன்டின் பாஸ்பேட்டையும் சிலிக்கேட்டையும் பிடித்து வீழ்த்திவிடுவதை மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: தண்ணீர் செங்கல் கரைசல் போல் இருக்கிறது

தடுப்பான் இல்லாத, அல்லது காலாவதியான தண்ணீர். இங்கே தண்ணீரின் வகையை மாற்றினால் மட்டும் தீராது. முதலில் உள்ளிருப்பதை வெளியேற்ற வேண்டும். சேறு பெரும்பாலும் பிளாக்கின் பின்மூலையில், கடைசி சிலிண்டரின் அடியில் சேரும். ஓட்டம் மெதுவாக இருக்கும் இடம் அது. கோர் ப்ளக்குகள் (பிளாக்கின் சுவரிலுள்ள துளைகளை மூடும் உலோக மூடிகள்) உள்ளிருந்து அரிபடுவதும் அங்கேதான்.

கழுவும் முறை:

1. ஹீட்டர் வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள். தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றுங்கள். ரேடியேட்டர், பிளாக் இரண்டின் வடிகால்களையும் திறந்து காலி செய்யுங்கள்.

2. மேல், கீழ் ஹோஸ்களைக் கழற்றி, ரேடியேட்டருக்கும் பிளாக்குக்கும் தனித்தனியாக, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தோட்டக் குழாயால் தண்ணீர் விடுங்கள். மறுமுனை முழுக்கத் திறந்திருக்க வேண்டும். 4 அல்லது 7 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) மூடிக்காகச் செய்த ரேடியேட்டர் குழாய்த் தண்ணீரின் முழு அழுத்தத்தை அடைத்துவைத்துத் தாங்காது, பற்று பிளந்துவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீரை விடவே கூடாது. பிளாக் வெடித்துப்போக அது ஒன்று போதும்.

3. பிளாக்கின் பின்புறக் கோர் ப்ளக்கைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். வளைத்த கம்பியால் கிளறினால் கைப்பிடி கைப்பிடியாகச் சேறு வரும். இதை எந்த ரசாயனமும் கரைக்காது, கையால்தான் எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது புது ப்ளக் போடுங்கள்.

4. எண்ணெய்ப் படலம் இருந்திருந்தால் முதலில் நுரைக்காத டிடர்ஜென்ட் கரைசலால் ஒரு சுற்று. எண்ணெய் மூடிய துருவின்மேல் அமிலம் வேலை செய்யாது.

5. பிறகு சிட்ரிக் ஆசிட் தூள், லிட்டருக்கு 50 கிராம். 7 லிட்டர் அமைப்புக்கு 350 கிராம். வெந்நீரில் தனியாகக் கரைத்து ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்பி, 80 டிகிரி சூட்டில் எஞ்சினை ஓடவிடுங்கள். இரும்பு ஹெட் என்றால் அரை மணி நேரம், அலுமினிய ஹெட் என்றால் 15 நிமிடம் போதும். கை பொறுக்கும் சூடு வந்ததும் வடித்துவிடுங்கள். இரவெல்லாம் ஊறட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

6. வெளியேறும் நீரின் பிஎச், உள்ளே விடும் நீரின் பிஎச்சோடு ஒத்துப்போகும்வரை அலசுங்கள்.

கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். காரையை நொடியில் கரைக்கும், கூடவே அலுமினியத்தையும் கரைத்து, இடுக்குகளில் குளோரைடை விட்டுவைத்துப் போகும். காஸ்டிக் சோடாவும் அலுமினியத்துக்கு எமன்.

அலசி முடித்ததும் அன்றே நிரப்பிவிட வேண்டும். அமிலம் பட்டுச் சுத்தமான வார்ப்பிரும்பு ஈரத்தோடும் காற்றோடும் இருந்தால் மறுநாள் காலைக்குள் மீண்டும் சிவந்துவிடும்.

அறிகுறி: ரேடியேட்டர் வாய்க்குள் எட்டிப்பார்த்தால் குழாய் முனைகளைச் சுற்றி வெள்ளை-சாம்பல் பூப்பு, பச்சைக் களிம்பு

செம்பு-பித்தளை ரேடியேட்டரில் குழாய்களைத் தகட்டோடு பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. அந்தப் பற்று அரிபட்டுப் பூத்து நிற்பதுதான் இது. பூப்பு வளர்ந்து குழாய் வாயையே மூடிவிடும். வெளியே ரேடியேட்டர் பளபளவென்றிருக்கும், உள்ளே பாதிக் குழாய்களில் ஓட்டம் இருக்காது.

காரணங்கள் இரண்டு. ஒன்று, குளோரைடும் சல்ஃபேட்டும் நிறைந்த உப்புத் தண்ணீர். மற்றொன்று, நவீன கார்களுக்கான ஓஏடி வகைக் கூலன்ட். கரிம அமிலங்களை மட்டுமே தடுப்பானாகக் கொண்ட இது அலுமினிய ரேடியேட்டரையும் பிளாஸ்டிக் தொட்டியையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஈயப் பற்றுக்கு அது தரும் காவல் போதாது. பழைய காருக்கு சிலிக்கேட் அடங்கிய பழைய வகை எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்தான் பொருத்தம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். நிறத்துக்கென்று பொது விதி எதுவும் கிடையாது, பச்சையாக இருப்பதெல்லாம் பழைய வகையும் அல்ல. பின்புற லேபிளில் என்ன தடுப்பான் என்று படியுங்கள்.

பூப்பைச் சுரண்டும்போது ஈரமாகவே சுரண்டுங்கள். உலர்ந்த ஈயத்தூள் மூச்சில் போகக் கூடாது. குழாய்கள் அடைபட்டிருந்தால் மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுத் தள்ளும் வேலை ரேடியேட்டர் பட்டறையுடையது.

அறிகுறி: அலுமினிய ஹெட்டின் நீர்வாய், தெர்மோஸ்டாட் உறை, பம்ப் உடல் குழிகுழியாக அரிபட்டிருக்கிறது

இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செம்பு ரேடியேட்டர், இவற்றுக்கு நடுவே உப்புத் தண்ணீர். விவரித்ததே ஒரு மின்கலத்தின் படம்தான். நீரில் உப்பு கூடக் கூட மின்கடத்தல் கூடும், அலுமினியம் பலியாகும். அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். குளோரைடு அந்தப் படலத்தில் ஊசி முனையளவு ஓட்டை போட்டு அங்கேயே தோண்டிக்கொண்டு போகும். ஹெட் கேஸ்கெட்டின் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) நீர்த்துளைகளைச் சுற்றி அரித்துவிட்டால் வெல்டிங் வைத்து மட்டம் செய்ய வேண்டிவரும். ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சின் போல இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் கலந்த அமைப்புகளில், பனிக்காலம் முடிந்ததும் கூலன்டை வடித்துத் தனித் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கம் இழைத்த கொடுமை இதுதான். அவர்கள் உறைவுத் தடுப்பை மட்டும் நினைத்தார்கள், அதோடு அரிப்புத் தடுப்பும் வெளியேறியது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது: வீட்டு மென்னீர்க் கருவி. சோப்புச் சோதனையில் அந்தத் தண்ணீர் அருமையாக நுரைக்கும், ஆகவே நல்லது என்று தோன்றும். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை வைக்கிறது, அவ்வளவுதான். மொத்த உப்பு ஏறக்குறைய அதே அளவு. குளோரைடும் சல்ஃபேட்டும் அப்படியே இருக்கும். காரை படியாது, அரிப்பு மட்டும் தொடரும். டிடிஎஸ் மீட்டர் இங்கேதான் உதவும்.

அரிப்புக்குக் காரணம் தண்ணீரா, மின் கசிவா என்று பிரித்தறிய மல்டிமீட்டர் வேண்டும். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் பக்க முனையிலும் மற்றதை ரேடியேட்டர் வாயில் தண்ணீருக்குள்ளும் வையுங்கள், உலோகத்தில் படாமல். பல பழைய பிரிட்டிஷ் கார்களில் எர்த் பக்கம் பாசிட்டிவ். அப்போது குறி மாறிக் காட்டும், அளவை மட்டும் பாருங்கள். எல்லாம் அணைந்த நிலையில் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 0.3-ஐத் தாண்டினால் கூலன்டின் பலம் போய்விட்டது. இப்போது ஹெட்லைட், ஹீட்டர் விசிறி, ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் எண் குதிக்கிறதோ, அதன் எர்த் ஒயர் கெட்டிருக்கிறது, மின்சாரம் தண்ணீர் வழியாகத் திரும்புகிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் எந்தத் தண்ணீரை ஊற்றியும் பயனில்லை.

அறிகுறி: ஜெல்லி, பச்சைக் கூழ், சேமியா போன்ற இழைகள்

சிலிக்கேட் வகையும் ஓஏடி வகையும் கலந்துவிட்டன, அல்லது பாஸ்பேட், சிலிக்கேட் அடங்கிய கூலன்டைக் கடின நீரில் கலந்திருக்கிறார்கள். முழுக்க வடித்து, வெந்நீரால் அலசி, புதிதாக நிரப்புங்கள். பாலாடை போல் இளம் பழுப்புக் குழம்பாக இருந்தால் அது வேறு கதை. எண்ணெய் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

அறிகுறி: கூலன்ட் மாற்றியதும் அதுவரை இல்லாத ஒழுகல்

கூலன்ட் ஓட்டை போடவில்லை. ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த துருவையும் காரையையும் நீங்கள் கழுவிவிட்டீர்கள். கிளைக்கால் கலவை தனித் தண்ணீரைவிட எளிதாக இடுக்குகளில் ஊரும். ஹோஸ் கிளிப்புகளை எஞ்சின் ஒருமுறை சூடாகி ஆறியபின் மறுபடி இறுக்குங்கள். கோர் ப்ளக் கசிந்தால் மாற்றுங்கள். பொடி வகை அடைப்பான் ஊற்றினால் ஒழுகல் நிற்கலாம், கூடவே ஹீட்டரின் மெல்லிய குழாய்களும் நின்றுவிடும்.

அறிகுறி: தண்ணீர் சரி, கூலன்ட் சரி, ஆனாலும் முன்பைவிடச் சூடாகிறது

முதலில் கலவை விகிதம். தண்ணீரைப் போல வெப்பத்தைச் சுமக்கும் திரவம் கிளைக்கால் அல்ல. பாதிக்குப் பாதி கலவை, அதே அளவு தனித் தண்ணீரைவிடக் குறைவான வெப்பத்தையே தூக்கிச் செல்லும். அதற்குக் கைம்மாறாக மைனஸ் 37 டிகிரி வரை உறைவுக் காப்பும் சற்று உயர்ந்த கொதிநிலையும் தருகிறது. உறைபனியே இல்லாத இடத்தில் 33 சதவீதம் கூலன்ட் போதும். 25-க்குக் கீழே இறக்கினால் அரிப்புத் தடுப்பான் நீர்த்துவிடும். கலக்காமல் முழுச்செறிவாக ஊற்றுவது இரண்டு வகையிலும் நஷ்டம்: குளிர்ச்சியும் குறையும், மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறையவும் தொடங்கும்.

ஃபோர்டு மாடல் டி, ஆஸ்டின் செவன் போல பம்ப் இல்லாமல், சூடான நீர் தானாக மேலெழும் தெர்மோசைஃபன் அமைப்புகளில் கலவை கெட்டியானால் ஓட்டம் மந்தமாகும். அங்கே நீர்மட்டம் மேல் ஹோஸ் நுழையும் வாய்க்கு மேலே இருந்தே ஆக வேண்டும். ஒரு விரல் இறங்கினாலும் சுற்று அறுந்து, சில நிமிடங்களில் கொதிக்கும்.

அடுத்தது மூடி. கடல்மட்டத்தில் தனித் தண்ணீர் 4 பிஎஸ்ஐ மூடியில் ஏறக்குறைய 107 டிகிரியிலும், 7 பிஎஸ்ஐயில் 111 டிகிரியிலும், 15 பிஎஸ்ஐயில் 121 டிகிரியிலும் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் இந்த அழுத்தம் நிற்காது. அதற்காக 7 போட வேண்டிய இடத்தில் 15 போடாதீர்கள். ஹீட்டரும் ரேடியேட்டர் பற்றும் அதற்காகச் செய்தவை அல்ல.

பிறகு ரேடியேட்டர். சூடான நிலையில் அகச்சிவப்பு வெப்பமானியால் முகப்பைக் கட்டம் கட்டமாக அளந்தால் அடைபட்ட குழாய்கள் குளிர்ந்த திட்டுகளாகத் தெரியும். கருப்புப் பெயின்ட் அடித்த பகுதியில்தான் அளவு நம்பகம். மெருகேற்றிய பித்தளைத் தொட்டியில் அளந்தால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அங்கே கருப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்கலாம்.

அறிகுறி: மட்டம் குறைகிறது, ஒழுகல் இல்லை

விரிவுத் தொட்டி இல்லாத பழைய ரேடியேட்டரில் விளிம்புவரை நிரப்பினால், சூட்டில் விரியும் நீர் வழிகுழாயில் வெளியேறி, ஆறியதும் இரண்டு மூன்று விரற்கடை குறைந்து நிற்கும். அதுவே அதன் இயல்பான மட்டம். தினமும் விளிம்புவரை ஊற்றுபவர் தினமும் கூலன்டை ரோட்டில் விடுகிறார், தினமும் புதுச் சுண்ணாம்பை உள்ளே அனுப்புகிறார். குழாய்கள் மூழ்கியிருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கும் கீழே இறங்கினால் மூடி, பம்ப் சீல், ஹெட் கேஸ்கெட் என்ற வரிசையில் தேடுங்கள்.

நிரப்பும் அளவு

எல்லா வடிகாலையும் திறந்தாலும் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கொஞ்சம் தங்கும். 7 லிட்டரில் 2 லிட்டர் தங்குகிறது, அலசியது 600 பிபிஎம் குழாய்த் தண்ணீரால் என்று வையுங்கள். வடிநீரால் நிரப்பி, சில நிமிடம் ஓட்டி, ஒருமுறை வடித்தால் உள்ளே தங்குவது 171 பிபிஎம் நீர். இரண்டாம் முறை செய்தால் 49. கடைசி அலசல் இரண்டும் வடிநீராக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஆகும் செலவு 10 லிட்டர் வடிநீர்.

அந்த 2 லிட்டரை மறந்துவிட்டு முன்கலந்த கூலன்டை ஊற்றினால் விகிதம் குலையும்: 5 லிட்டர் பாதிக்குப் பாதி கலவை, 2 லிட்டர் தண்ணீரோடு சேர்ந்து 36 சதவீதமாகிவிடும். செறிவான கூலன்டை வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை, இங்கே 3.5 லிட்டரை, முதலில் ஊற்றி, மீதியை வடிநீரால் நிரப்புங்கள். 33 சதவீதம் வேண்டுமென்றால் 2.3 லிட்டர். ஹீட்டர் வால்வு திறந்தபடி, காரின் முகப்பு சற்று உயர்ந்தபடி, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடானதும் மட்டம் பார்த்து மூடுங்கள். சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிர் போகும்.

மீதமுள்ள வடிநீரில் அதே விகிதத்தில் ஒரு லிட்டர் கலந்து, தேதி எழுதி, டிக்கியில் வையுங்கள். நடுவழியில் குறைந்தால் ஊற்ற வேண்டியது அதுதான். அவசரத்தில் குழாய்த் தண்ணீரே ஊற்றிவிட்டாலும் பதற வேண்டாம், அரை லிட்டரால் ஒன்றும் ஆகிவிடாது. 500 கிலோமீட்டர் ஓடியபின் பிளாக் வடிகாலில் மறுபடி ஒரு ஜாடி எடுத்துப் பாருங்கள். லேசாகக் கலங்கியிருந்தால் பழைய துரு இன்னும் உதிர்கிறது என்று பொருள், ஒருமுறை கூடுதலாக மாற்றினால் போதும். பிஎச் தாள் 7-க்குக் கீழே காட்டினால் இரண்டு வருடம் ஆகவில்லையே என்று காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். உள்ளே அமிலம் சேர்கிறது, அல்லது எரிஅறையின் புகைவாயு கலக்கிறது.